புகை தாங்கும் மெஷின்

அந்தப் பையைக் காலால் தள்ளிவிடாதீங்க தம்பி, உள்ளே பித்தளைச் சாமான் இருக்கிறது. மடியில் இருக்கிற இது வேறு. இதை நான் பிடித்துக்கொள்கிறேன். மேலே வேண்டாம், மேலே வேண்டாம். தாராபுரத்தில் எடுத்ததிலிருந்து இந்த டிரைவர் ஓட்டுகிற ஓட்டுக்கு, மேலே வைத்தது எதுவும் மேலே இருக்காது.

ஒன்று கேட்டால் தப்பாக நினைக்கமாட்டீங்களே? உங்கள் போனில் இப்போது பார்த்துக்கொண்டிருந்தீங்களே, அது அந்தப் புது கேம் மெஷின்தானே? தீபாவளிக்கு வருகிறது என்கிறார்களே, அதுதானே? கண்ணில் பட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் படத்தானே செய்யும். இந்தப் பொம்பளைக்கு இது எப்படித் தெரியும் என்று பார்க்கிறீங்க. எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஏழாவதோடு நிறுத்தி மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள் என்னை. ஆனால் எங்கள் தெருவில் வந்து கேம்காரம்மா வீடு எது என்று கேளுங்க, சின்னக் குழந்தைகூடக் கை காட்டும்.

அதில் ஃபேன் எவ்வளவு பெரிசு என்று போட்டிருக்கிறானா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. படம் தெளிவாகத் தெரியும், ஆட்டக்காரன் நெற்றி வேர்வைகூடத் தெரியும் என்றெல்லாம் சொல்கிறார்கள், அது எனக்கு எதற்கு? காற்று எந்தப் பக்கமாக உள்ளே போகிறது, எந்தப் பக்கமாக வெளியே வருகிறது? சூட்டைத் தாங்குமா, தாங்காதா? அதுதான் எனக்கு வேண்டும்.

போடவில்லையா? போடமாட்டான். எனக்குத் தெரியும். எங்கே கேட்டாலும் இதே கதைதான். நாலு மாதமாக நானும் கேட்காத ஆள் இல்லை. ஒருத்தன் சொல்கிறான், ஃபேன் முன்னதைவிடப் பெரிசு என்று. இன்னொருத்தன் சொல்கிறான், பெட்டியைச் சின்னதாக்குகிறார்கள், அதனால் ஃபேனும் சின்னது என்று. மூன்றாவது ஒருத்தன், உள்ளே பாதரசம் மாதிரி ஏதோ ஊற்றியிருக்கிறார்களாம், அது சூட்டை உறிஞ்சிவிடுமாம், ஆனால் சாய்த்து வைத்தால் ஒழுகிவிடுமாம் என்கிறான். ஒழுகுகிற சாமானை எதற்கு அய்யா விற்கிறாய்?

எனக்கு வருகிற ஆத்திரம் என்னவென்றால் தம்பி, இதைச் செய்கிறவன் ஒரு நாளாவது மனுசன் குடியிருக்கிற வீட்டைப் பார்த்திருக்கிறானா? சித்திரை மாதம் எங்கள் ஊருக்கு வந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு மத்தியானம் உட்காரச் சொல்லுங்க. அவனே அணைந்துபோவான். அவன் ஏசி ரூமில் வைத்துச் செய்கிறான், ஏசி ரூமில் வைத்து ஓட்டிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறான். வீடு என்றால் தாளிப்பார்கள். மிளகாய் வறுப்பார்கள். கொசுவத்தி வைப்பார்கள். சாமி கும்பிடுவார்கள். இதையெல்லாம் தாங்கவேண்டாமா? வீட்டுக்கு மருமகள் வந்தால் அவளுக்கு என்ன சொல்கிறோம்? இந்த வீட்டுப் பழக்கம் இது, நீ கொஞ்சம் அனுசரித்துப் போ என்கிறோம். மெஷின் மட்டும் என்ன, மகாராணியா?

இருங்க, முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். குண்டடம்கூட இன்னும் வரவில்லை. கோயமுத்தூர் போய்ச் சேர நேரம் இருக்கிறது.

என் மகன் லோகநாதன். லோகு. ஒரே பையன். அவன் அப்பா போனதற்குப் பிறகு நான்தான் எல்லாம். பாலிடெக்னிக் முடித்தான், வேலை சரியாக அமையவில்லை. ஒரு நாள் வந்து, "அம்மா, முன் ரூம்ல கேம் சென்டர் போடலாமா"ன்னு கேட்டான். அது என்ன என்றுகூட எனக்குத் தெரியாது. போடுடா சாமி என்றேன். பழைய மெஷின்தான், யாரோ ஓட்டி விற்றது, அதில் நாலு வாங்கிவந்தான். நாலு டிவி. பெஞ்சு. வந்து ஒரு மணி நேரம் ஆடுவார்கள், போவார்கள். கால்பந்துதான் அதிகம். லோகு வெளியே போனால் நான் பார்த்துக்கொள்வேன். சிடி மாற்றுவேன், நேரம் பார்ப்பேன், சண்டை போட்டால் விலக்குவேன். "அக்கா, இன்னும் ஒரே ஒரு கோல்" என்று கெஞ்சுவான்கள். எழுந்திருங்கடா என்பேன். நல்லாத்தான் போனது. ரெண்டு வருசம் நல்லாத்தான் போனது.

மெஷினை நான் எப்படி வைத்திருந்தேன் தெரியுமா? மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமில் நின்றவள் நான். பஞ்சுத் தூசி என்ன செய்யும் என்று எனக்கு ஒருத்தன் சொல்லித்தரவேண்டாம். ஒரு ஷிப்டு துடைக்காமல் விட்டால் மெஷின் மூச்சு முட்டி நிற்கும். அதனால் நாலு மெஷினுக்கும் வெல்வெட்டில் உறை தைத்தேன். சிவப்பு வெல்வெட், ஓரத்தில் ஜரிகை. ஆடும்போதுகூட எடுக்கமாட்டேன். முன்பக்கம் சிடி போடுகிற இடம் மட்டும் திறந்து வைத்திருப்பேன். ஒரு பொட்டுத் தூசி உள்ளே போயிருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்புறம் சாம்பிராணி. ஷட்டரைத் தூக்கியதும் அதுதான் முதல் வேலை. அடுப்பில் கரித்துண்டைக் கனிய விட்டு, தூபக்காலில் எடுத்து, நல்ல சாம்பிராணியைப் பொடி செய்து தூவி, சாமி படத்துக்குக் காட்டி, அப்படியே ஒவ்வொரு மெஷினுக்கும் காட்டுவேன். சும்மா ஒரு சுற்று இல்லை. முன்னால், பின்னால், பக்கவாட்டில், அந்த ஓட்டை ஓட்டையாக இருக்குமே, உறையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அதற்குக் கிட்டத்தில் பிடிப்பேன். அதுவும் மெஷினை ஓடவிட்டுத்தான் காட்டுவேன். அணைந்து கிடக்கிறதற்குக் காட்டினால் அது என்ன பூஜை? உயிரோடு இருக்கும்போதுதானே காட்டவேண்டும். ஃபேன் அப்படியே இழுக்கும் தம்பி. பார்க்கவே அழகாக இருக்கும். புகை உள்ளே போகும், பின்பக்கமாகக் கொஞ்சம் வரும். சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்துக்கொள்வேன்.

பையன்களுக்கும் பிடிக்கும். "அக்கா, நடை திறந்தாச்சா"ன்னு கேட்டுக்கொண்டே வருவான்கள். பெரிய மேட்ச் என்றால் ஜாய்ஸ்டிக்கில் விபூதி பூசிவிட்டுத்தான் கையில் எடுப்பான்கள். தோற்றவன், "எனக்குப் புகை சரியாக் காட்டலீங்க, அதான்" என்பான். அப்படி ஒரு கடை அது.

அப்புறம்தான் ஒரு மெஷின் சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் முனகியது. அப்புறம் மாவு மில் மாதிரி இரைந்தது. கடைசியில் மூன்று தடவை பீப் அடித்துவிட்டு, நடு ஆட்டத்தில் பொட்டென்று அணைந்துபோனது. அன்வரிடம் கொண்டுபோனோம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், வாய் கொஞ்சம் அதிகம். திறந்தான். திறந்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்னக்கா இது, கேம் மெஷினா, வடை சட்டியா?"

உள்ளே கறுப்பாக, பிசுக்காக, தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு என்னிடம் காட்டுகிறான். "மோந்து பாருங்க, கோயில் வாசம் அடிக்குது" என்கிறான். லோகு அந்தப் பிசுக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

வாசம் அடிக்கத்தான் செய்யும். பூஜை நடக்கிற இடத்தில் பூஜை வாசம் அடிக்காமல் மீன் வாசமா அடிக்கும்? அந்தக் கறுப்பு என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு எதிரில் டீசல் பஸ் நின்று நின்று போகும், அதன் புகை. அதை யார் கேட்டார்கள்?

வீட்டுக்கு வந்ததும் லோகு மெதுவாக, "சாம்பிராணி மெஷினுக்கு வேண்டாமேம்மா" என்றான். நான் என்ன சொன்னேன் என்றால், டேய், பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராத மெஷினுக்கெல்லாம் ஆயுத பூஜை போட்டவள் நான். மில் பூராவும் புகைமூட்டமாக இருக்கும். ஒரு ஸ்பிண்டில் நின்றிருக்குமா? முதலாளியே வந்து தொட்டுக் கும்பிடுவார். அதைவிட உன் பெட்டி ஒசத்தியா? "அது வருசத்துக்கு ஒரு நாள்மா, மெஷினை ஆஃப் பண்ணிட்டு" என்றான். பேச்சுக்குப் பேச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கும்.

உண்மையில் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன். கண் பட்டுவிட்டது. எதிரில் மளிகைக் கடை கிட்டுசாமி இருக்கிறார். தினமும் எங்கள் வாசலில் எத்தனை செருப்புக் கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "என்னம்மா, இன்னிக்கும் கூட்டம்போல" என்பார். அந்த மனுசன் வாயைத் திறந்த வாரம்தான் மெஷின் படுத்தது. அதனால் நான் என்ன செய்தேன், காலையில் மட்டும் காட்டிக்கொண்டிருந்ததை சாயங்காலமும் காட்ட ஆரம்பித்தேன். வெண்கடுகும் சேர்த்துப் போட்டேன். கண்ணேறு கழிய அதுதான் போடுவார்கள்.

அப்படியும் ரெண்டாவது மெஷின் முனக ஆரம்பித்துவிட்டது. பாருங்க, எவ்வளவு பொல்லாத கண்!

மே மாதம் லீவில் லோகு ஒரு போட்டி வைத்தான். கால்பந்துப் போட்டி. சுற்று ஊரிலிருந்தெல்லாம் பையன்கள் வந்தார்கள். மூலனூரிலிருந்து, கன்னிவாடியிலிருந்து. ஷட்டருக்கு வெளியே வரைக்கும் கூட்டம். வெயில் கொளுத்துகிறது. லோகுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் அவனை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கண் பட்டுவிடப்போகிறதே என்று, பைனலுக்கு முன்னால் நல்லாப் புகை போட்டேன். பையன்கள் இருமினான்கள். "யக்கா, ஸ்கிரீனே தெரியல" என்று ஒருத்தன். எல்லாம் கேலிதான்.

பைனல் நடக்கிறது. ஒரு கோல் வித்தியாசம். ஆட்டம் முடியப்போகிற நேரம். மெஷின் பீப் அடித்தது.

பொட்டு.

எல்லோரும் எழுந்துவிட்டான்கள். ஜெயிக்க இருந்தவன் அழுகிறான். தோற்க இருந்தவன் பாதி ஆட்டத்திலிருந்து மறுபடி வைக்கணும் என்கிறான். ஒருவன் சட்டையை ஒருவன் பிடிக்கிறான். லோகு மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான், அவ்வளவு சூடு. உறையைப் பிய்த்து எடுத்தான். நான் பார்த்துப் பார்த்துத் தைத்த உறை. எடுத்துவிட்டு அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"உன்ற புகைதாம்மா! உன்ற சாம்பிராணிதான் ஒண்ணொண்ணாக் கொல்லுது!"

"சாமிக்குக் காட்டுறதாடா கொல்லும்?"

"சாமிக்குக் காட்டு. மெஷினுக்குக் காட்டாதே. அதுக்கு மூக்கு இருக்குதும்மா, இருமத்தான் தெரியாது!"

சிரித்தான்கள் தம்பி. அத்தனை பையன்களும் சிரித்தான்கள். நான் சோறு போட்ட பையன்கள், மழைக்கு நின்றால் டீ போட்டுக் கொடுத்த பையன்கள். எதிரில் கிட்டுசாமி கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்க்கிறார். பெற்ற தாயை, கடையில், கூட்டத்துக்கு நடுவில்.

அதற்கப்புறம் அவன் என்னிடம் எத்தனையோ தடவை கெஞ்சினான், அது வேறு. "கத்துனது தப்பும்மா" என்றான். அதெல்லாம் சொன்னான். ஆனால் புகை விசயத்தில் இறங்கி வரவில்லையே. ஒரு வார்த்தை, "சரிம்மா, புகையால இல்ல"ன்னு சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. நானும் விடவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலக் கரியை மூட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த வாரமே, நல்லா ஓடிக்கொண்டிருந்த ரெண்டு மெஷினையும் எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் போய்விட்டான். அங்கே அவனுடைய சிநேகிதன் ஒருத்தன் ரூம் பிடித்திருக்கிறான், சேர்ந்து கடை போடுகிறார்களாம். ஷட்டரை இறக்கியவள்தான் நான். அப்புறம் தூக்கவே இல்லை.

பல்லடம் வந்துவிட்டதா? டீ வேண்டாம் தம்பி, நீங்க குடித்துவிட்டு வாங்க. பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டீங்களா. நல்லது. எங்கே விட்டேன்?

போன் பேசுகிறானா என்று கேட்டீங்களே. பேசுவான். தினமும் பண்ணுவான். "சாப்பிட்டியாம்மா" என்பான். "மாத்திரை போட்டியா" என்பான். "சரி, வெக்கறேன்" என்பான். இது ஒரு பேச்சா? பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது? போன மாதம் ஒரு நாள், "தனியா எதுக்கும்மா அங்க, இங்கயே வந்துரு, வீடு பாத்துட்டேன்" என்றான். வருகிறேன் சாமி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "ஒண்ணு மட்டும்மா" என்றான். அந்த ஒண்ணு என்ன என்று அவன் சொல்லி முடிக்கவில்லை. நான் வைத்துவிட்டேன்.

ஒண்ணு மட்டுமாம். தாய் வருவதற்குக் கண்டிசன்.

இப்போது மடியில் வைத்திருக்கிறேனே, இது எது தெரியுமா? அந்தப் பைனலில் அணைந்ததே, அதே மெஷின். லோகு போவதற்கு முன்னால் அன்வரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அன்வர் ஏதோ கழுவினான், பசை தடவினான், கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இனிமே புகை காட்டாதீங்க, என்ற தொழில் கெட்டுப்போனாலும் பரவால்ல" என்று ஒரு கிண்டல். நான் அதை அப்படியே மூலையில் போட்டேன். அப்புறம் ஒரு அமாவாசைக்கு, பூட்டின கடை வாசலிலேயே பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். நல்லா நடுரோட்டில், கிட்டுசாமி பார்க்க. உடைத்துவிட்டு வந்து இந்த மெஷினை மாட்டிப் பார்த்தேன்.

சத்தமே இல்லை தம்பி! நம்புவீங்களா? ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்கவேண்டியிருந்தது. எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. கார் ஓட்டுகிற கேம் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு, காரை ரோட்டோரம் நிறுத்திவைத்துவிட்டு, நான் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பேன். மத்தியானம் முழுக்க ஓடும். ஒரு பீப் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை தினமும் போடுகிறேன். தொட்டால் கை சுடுவதில்லை.

இதற்கு என்ன சொல்வான் அவன்? கண் கழிந்தது, மெஷின் பிழைத்தது. அவ்வளவுதானே விசயம். இதை அவன் முன்னால் கொண்டுபோய் மாட்டிக் காட்டப்போகிறேன். உன் அம்மா புகையால் போனது என்றாயே, பார்.

இல்லை, கடை பூட்டினதிலிருந்து அங்கே சாம்பிராணி போடவில்லை. பூட்டின கடைக்கு எதற்குப் புகை? வீட்டுக்குள் சாமி படத்துக்கு மட்டும்தான்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீங்க?

நீங்க என்ன நினைக்கிறீங்க என்று எனக்குத் தெரியும். நீங்களும் அவன் வயசுதானே. சரி விடுங்க.

ஆனாலும் நான் அந்தப் புது மெஷினை நம்பித்தான் இருக்கிறேன். ஏன் நாலு மாதமாக அதைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறேன் என்று நினைக்கிறீங்க? அது மட்டும் நல்ல ஃபேனோடு வந்துவிட்டால், புகையைத் தாங்கிவிட்டால், சண்டையே இல்லையே. அவன் சொன்னது பழைய மெஷினுக்கு என்று போய்விடும். நான் பாட்டுக்குக் காட்டுவேன், அவன் பாட்டுக்குக் கடையை நடத்துவான். அவன் தோற்கவும் வேண்டாம், நான் தோற்கவும் வேண்டாம். ஜாய்ஸ்டிக் குச்சி தானாக ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்குமே, அதற்குக்கூட இந்தத் தடவை காந்தம் வைத்துச் சரி பண்ணிவிட்டார்கள் என்கிறார்கள். அதைச் சரி பண்ணத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

ஆனால் பயமாகவும் இருக்கிறது. சிடி போடுகிற வாயே இல்லாமல் ஒன்று வருகிறதாமே? எங்கள் வீட்டில் ஒரு அலமாரி சிடி இருக்கிறது. ஒவ்வொன்றும் லோகு பொறுக்கி வாங்கியது. அதையெல்லாம் என்ன செய்வது, காக்காய் விரட்டக் கட்டித் தொங்கவிடுவதா? எல்லாம் நெட்டிலிருந்து இறங்கவேண்டுமாம். எங்கள் ஊர் நெட்டைப் பற்றி அவனுக்கு யார் சொல்வது? உங்கள் போனில் அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டுங்க. பெரிசாக்குங்க. பாருங்க, பக்கமெல்லாம் ஓட்டை. மேலே ஓட்டை. பின்னால் ஓட்டை. ஒரு சந்தனப் பொட்டு வைக்கக்கூட நெற்றி விடவில்லை. இத்தனை ஓட்டை எதற்கு வைக்கிறான்? மூச்சு விடத்தான் என்கிறீங்க. சரி. மூச்சு விடட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது?

சூலூர் தாண்டிவிட்டோமா?

நாளைக்கு ஆயுத பூஜை. அதனால்தான் இன்றைக்கே கிளம்பினேன். அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால், "ஒண்ணு மட்டும்மா" என்று ஆரம்பிப்பான். அந்தப் பையில் இருக்கிற பித்தளைச் சாமான் என்ன என்று இப்போது தெரிந்திருக்கும். தூபக்கால்தான். எங்கள் மாமியார் வீட்டுச் சாமான், மரப்பிடி வைத்தது. கூடவே பால் சாம்பிராணி, பழனியில் சொல்லிவைத்து வாங்கினது. கரிகூட எடுத்துவந்திருக்கிறேன். டவுனில் கரிக்கு எங்கே போவது?

ஏன் இவ்வளவு என்கிறீங்களா? அவன் அங்கே எப்படிப் பூஜை போடுகிறான் என்று பார்த்தால் நீங்களே சொல்வீங்க. வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். புதுக் கடை, பெயின்ட் எல்லாம் அடித்து, "விரைவில் புது மெஷின்" என்று போர்டு. நான் தினமும் அதைப் பார்ப்பேன். மூலையில் ஒரு சின்ன ஸ்டாண்டு, அதில் சாமி படம். ஊதுபத்திகூட இல்லை! சீரியல் பல்பு. மினுக் மினுக்கென்று. சாமியைக் கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான். அதைவிடக் கொடுமை கேளுங்க. நான் மெஷினுக்குத் தைத்த உறை, சிவப்பு வெல்வெட், போகும்போது எடுத்துப்போயிருக்கிறான்போல. அதை மடித்துச் சாமி படத்துக்கு அடியில் விரித்திருக்கிறான். ஜரிகை முன்னால் தெரிகிற மாதிரி. மெஷின் எல்லாம் உறை இல்லாமல் அம்மணமாக நிற்கிறது. எதற்குத் தைத்துக் கொடுத்தேன், எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான் பாருங்க. கொஞ்சமாவது அறிவிருக்கா?

துவைத்து இஸ்திரி போட்டு விரித்திருக்கிறான். சுருக்கமே இல்லை.

அன்றைக்குச் சண்டையில் கடைசியாக ஒன்று சொன்னான் தம்பி. எல்லோரும் போனதற்கப்புறம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் கேட்டேன், "இந்தப் புகையிலதாண்டா நீயே வளந்தே, உனக்கென்ன மூச்சு நின்னா போச்சு?" என்று. அவன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் போடாமல் சொன்னான். "எனக்கு வீசிங் இருந்துச்சும்மா. மறந்துட்டியா?"

மறப்பேனா? ராத்திரி பூராவும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் நான். நெஞ்சு விசில் மாதிரி கத்தும். அது பனி தம்பி. மார்கழிப் பனி. பிள்ளைக்குச் சளி கட்டக்கூடாது என்று தலைக்கு ஊற்றின அன்றெல்லாம் கூடைக்குக் கீழே சாம்பிராணி போட்டு முடி காயவைப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். டாக்டர் புகை ஆகாது என்றார். டாக்டர்கள் எல்லாவற்றையும்தான் ஆகாது என்பார்கள். அப்புறம் அவனைப் பத்தாவதில் ஹாஸ்டலில் போட்டோம், அங்கே போனதும் நின்றுவிட்டது. வயசு வந்தால் நின்றுவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வயசு வந்தது, நின்றது. அதற்கும் இதற்கும் என்ன?

என்ன சம்பந்தம், சொல்லுங்க.

சொல்லமாட்டீங்க. நீங்க பேசாத ஆள். நல்ல பிள்ளை.

சிங்காநல்லூர் வந்துவிட்டது. நான் இறங்கவேண்டும். கொஞ்சம் நகருங்க தம்பி. கண்டக்டர், ஆள் இறங்குது, ஆள் இறங்குது! ஏன் இப்படி அவசரப்படுத்துகிறான், நானென்ன பறந்தா போகமுடியும்?

வேண்டாம், அதைத் தூக்கிக் கொடுக்கவேண்டாம். அந்தப் பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்க. ஆமாம், தூபக்கால்தான். உங்கள் வீட்டில் அம்மா இருப்பார்களே, அவர்களிடம் கொடுங்க. நாளைக்கு உதவும். நல்ல சாம்பிராணி, மழைக்காலத்தில் வீட்டுக்குக் காட்டினால் மணமாக இருக்கும்.

அவன் சொன்னதற்காக இல்லை. அப்படி நினைத்துக்கொள்ளாதீங்க. இந்த மெஷினை ஒரு கையில் பிடிக்கவேண்டும், இன்னொரு கையில் கம்பியைப் பிடித்து இறங்கவேண்டும். ரெண்டு கைதானே இருக்கிறது எனக்கு. அதற்காகத்தான்.